மிஷன் பங்களாவுக்குள்: சொகுசா, சிரமமா?

கேள்வி: வாசகர் ஒருவர், 4 ஜனவரி

அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிக் குடும்பங்கள் நம் ஊரில் பட்ட பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் ஊர் மிஷன் பங்களாவை நான் பார்த்திருக்கிறேன். அகலமான வராந்தா, சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர், வெயில் வந்தால் கொடைக்கானல். அங்கே சாதாரண விவசாயி வீட்டுப் பிள்ளையாக இருந்தவர் இங்கே வந்து ஜமீன்தார் மாதிரி இருந்திருக்கிறார். இதில் பழகிக்கொள்ள என்ன சிரமம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜனவரி, இரவு

அந்த வராந்தாவைப் பெருக்கியவர்களின் பேரன் நான். தாத்தா மதுரைப் பக்கம் பசுமலையில் ஒரு அமெரிக்க மிஷன் குடும்பத்துக்குச் சமைத்தவர், ஊரில் பட்லர் என்பார்கள். அப்பத்தா அதே வீட்டில் ஆயா. 1930களில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடிய வேலை. அதனால் சொகுசே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது. அதைச் சமைத்துப் பரிமாறியதே எங்கள் ஆட்கள்தான்.

ஆனால் நீங்கள் பார்த்தது நூறு வருஷம் கழித்து வந்த நிலைமை. முதலில் வந்தவர்கள் கதை வேறு. நாளைக்கு எழுதுகிறேன்.

5 ஜனவரி

மதுரைக்கு முன்னால் யாழ்ப்பாணம். பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்கன் போர்டு என்ற சங்கம் அனுப்பிய குழு 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்தில் டிரையட் என்ற கப்பலில் ஏறியது. கொழும்பில் இறங்கியது 1816 மார்ச்சில். ஐந்து மாதம் கடல். பிறகு வடக்கே போய் டேனியல் பூரும் வாரனும் தெல்லிப்பழையில் தங்கினார்கள், மெய்க்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையில். அவர்களுக்குக் கிடைத்தவை போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில் கட்டடங்கள். சுவர் இருந்தது, கூரை இல்லை. பனையோலை வேய்ந்துதான் குடியேற வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். வாரனுக்கு நுரையீரல் நோய். கடற்காற்று நல்லது என்று கேப் டவுனுக்குப் போனார், 1818ல் அங்கேயே இறந்தார். பூரின் மனைவி சூசன் 1821ல். ரிச்சர்ட்ஸ் 1822ல். இதற்கிடையில் 1819ல் அடுத்த கப்பலில் டாக்டர் ஜான் ஸ்கடர் மனைவியோடும் சிறு பெண் குழந்தையோடும் கிளம்பினார். யாழ்ப்பாணத்தைப் பார்ப்பதற்கு முன்பே கல்கத்தாவில் குழந்தை போய்விட்டது.

இந்தக் குடும்பங்களின் சாவுக் கணக்கைப் படிக்கும்போது கேப் டவுன் இருக்கும் நன்னம்பிக்கை முனை திரும்பத் திரும்ப வருகிறது. வாரன் மட்டும் இல்லை. ஸ்கடர் 1855ல் அங்கே வின்பர்க்கில் இறந்தார், தமிழ் அகராதி போட்ட மிரன் வின்ஸ்லோ 1864ல் ஊர் திரும்பும் வழியில் அதே முனையில். சூயஸ் கால்வாய் திறந்தது 1869ல்தானே. அதுவரை உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போவதென்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். நோயாளி பாதி வழி தாங்கினார், மீதி வழி தாங்கவில்லை.

6 ஜனவரி

"வெள்ளைக்காரன் ஆட்சி, வெள்ளைக்காரனுக்கு என்ன பயம்" என்று கீழே ஒருவர் கேட்கிறார். தம்பி, இவர்கள் அமெரிக்கர்கள். 1812ல் அமெரிக்காவும் பிரிட்டனும் போரில் இறங்கின. அந்த வருஷம் கல்கத்தாவுக்கு வந்த முதல் அமெரிக்க மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊரைவிட்டுப் போகச் சொன்னது. அவர்களில் ஹாரியட் நியூவெல் என்ற பெண் மொரீஷியஸ் தீவில் இறந்தபோது வயது 19. இலங்கையிலும் அப்படித்தான். 1820ல் அச்சு வேலைக்காக வந்த காரெட்டை அரசாங்கம் தங்கவிடவில்லை. 1833 வரை அமெரிக்காவிலிருந்து புதிதாக ஆள் வர முடியாத நிலை. இருப்பவர் செத்தால் மாற்று ஆள் கிடையாது.

விசா பிரச்சினை இன்றைக்கு வந்தது இல்லை.

8 ஜனவரி

அன்றாட வாழ்க்கையைக் கேட்டிருந்தீர்கள், நான் சாவையே எழுதிக்கொண்டிருக்கிறேன். சமையலறைக்கு வருவோம். இங்கே எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

ரொட்டிதான் பெரிய தலைவலி. காலையில் ரொட்டி இல்லாமல் அவர்களுக்கு ஓடாது. தெற்கே கோதுமை மாவு அபூர்வம், வந்தாலும் வண்டு ஊறி வரும். மாவு கிடைத்துவிட்டது என்றே வையுங்கள், புளிக்க வைக்க எது? அந்தக் காலத்தில் தென்னிந்தியா முழுக்க ஐரோப்பியர் வீட்டு ரொட்டிக்குக் கள்தான். மதுவிலக்குப் பிரசங்கம் பண்ணுகிற ஐயாவின் வீட்டுக்கு விடிகாலையில் கள் போகும். தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மூடிபோட்ட பித்தளைத் தூக்கில் வாங்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தி, பின்வாசல் வழியாகக் கொண்டுபோவாராம். அம்மாவுக்கு (வீட்டு எஜமானியைத்தான் சொல்கிறேன்) தெரியும். ஐயாவுக்கும் தெரியும். முன்வாசல் வழியாக மட்டும் வரக்கூடாது.

விடிகாலையில் இறக்கிய கள்ளாக இருக்க வேண்டும். வெயில் ஏறினால் புளித்து ரொட்டியும் புளிக்கும். மாவில் ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் நுரைத்து எழும்பும். ரொட்டி அடுப்பு என்று தனியாக ஒன்றும் இல்லாத வீடுகளில் கனமான சட்டிக்குள் மாவை வைத்து, கீழேயும் மூடியின் மேலேயும் கங்கு போடுவார்கள். மேல் கங்கு அதிகமானால் ரொட்டியின் தலை கருகும், உள்ளே களி. அந்தப் பதம் தெரிந்தவருக்கு மிஷன் வீடுகளில் நல்ல கிராக்கி. ஒரு குடும்பம் ஊருக்குப் போகும்போது அடுத்த குடும்பம் நாற்காலி, கட்டிலோடு பட்லரையும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் எறும்பு. அலமாரிக்கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். கிண்ணத்துத் தண்ணீர் வற்றிய அன்றைக்கு ஜாம் முழுக்க எறும்பு. கறையானுக்குக் கிண்ணமும் உதவாது, அது சுவர் வழியாக வரும். அவர்கள் கப்பலில் கொண்டுவந்த புத்தகங்களையும் கம்பளித் துணிகளையும் தின்றது கறையானும் பூச்சியும்தான்.

கடலைச் சட்னி தெரியும், கடலை வெண்ணெய் தெரியுமா? வேர்க்கடலையை வறுத்துத் தோல் புடைத்து, கறி அரைக்கும் மெஷினில் மூன்று நாலு தடவை விட்டு அரைப்பார் தாத்தா. அதை ரொட்டியில் தடவிக்கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் வேறு எதையும் கேட்காதாம். என் அப்பா அதை ஒரு தடவை வழித்துத் தின்றுவிட்டு "உப்பில்லாத சட்னி" என்று சொன்னது வீட்டில் இன்றும் ஓடுகிற கதை.

9 ஜனவரி

கள் விஷயத்துக்கு இத்தனை பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. சாவுக்கு ஒருவர் வாய் திறக்கவில்லை.

"மதுவிலக்கு வந்ததும் என்ன செய்தார்கள்?" நல்ல கேள்வி. 1937ல் சேலத்தில் தொடங்கி 1948க்குள் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துவிட்டது. கள் இல்லை. தாத்தா உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்துப் பார்த்தார், பிறகு டப்பா ஈஸ்ட் வந்தது. அவர் கடைசிவரை டப்பா ஈஸ்ட்டை மதிக்கவில்லை. காந்தி காங்கிரஸ்காரர் வேறு அவர். மதுவிலக்கை ஆதரித்தார், ரொட்டியை மட்டும் நினைத்து வருத்தப்பட்டார்.

11 ஜனவரி

பிள்ளைகளைப் பற்றி எழுதாமல் முடியாது. இந்தக் குடும்பங்களுக்கு ஊர் பழகியது, வெயில் பழகியது. பிள்ளைகள் விஷயம்தான் கடைசிவரை பழகவில்லை.

பெரியவர்கள் முன்ஷி (மொழி வாத்தியார்) வைத்து வருஷக்கணக்கில் தமிழ் படிப்பார்கள். பிள்ளைகள் ஆயா இடுப்பில் இருந்துகொண்டே பேசிவிடும். அதில் பெற்றவர்களுக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. வேலைக்காரர் வீட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது, கையால் பிசைந்து சாப்பிடுகிறது, திட்டு வார்த்தை கற்றுக்கொள்கிறது. அதோடு காலரா. ஒரு காலரா வருஷம் வந்தால் எந்த வீட்டுப் பிள்ளை மிஞ்சும் என்று தெரியாது. பள்ளிக்கூடமும் இல்லை. எனவே ஆறு, எட்டு, பத்து வயதில் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருஷம் ஆகிற காலம்.

ஹாரியட் வின்ஸ்லோ என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும், மிரன் வின்ஸ்லோவின் மனைவி, 1824ல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர். அவர் மகன் சார்ல்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பையன் 1832ல் நியூயார்க்கில் இறந்துவிட்டான். பெற்றவர்களுக்குச் செய்தி வந்து சேரவே மாதங்கள் ஆகியிருக்கும். 1833 ஜனவரியில் ஹாரியட்டும் இறந்தார். ஊர்ப் பெண் பிள்ளைகளைத் தாய்வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் வைத்துப் படிக்கச் சொன்ன அதே வீட்டில், சொந்தப் பிள்ளையையும் பிரித்துத்தான் படிக்கவைத்தார்கள்.

டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தி, வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையில் எல்லோரும், பிரசவத்தில் தவித்த மனைவிகளுக்கு உதவி கேட்டு ஒரே இரவில் வந்த மூன்று கதவுத் தட்டல்களைச் சொல்வார்கள். முந்தைய பகுதியை யாரும் சொல்வதில்லை. 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், 1876–78 பஞ்சத்தைக் குழந்தையாகப் பார்த்தவர். பிறகு சிறுமியாகச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். அப்பா இந்தியாவில், கொஞ்ச நாளில் அம்மாவும் கிளம்பிப் போய்விட்டார். மிஷனரி வேலையே வேண்டாம் என்று அந்தப் பெண் ஏன் பிடிவாதமாக இருந்தார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் திண்டிவனத்துக்கு வந்தார். மற்றதெல்லாம் அதன் பிறகு.

12 ஜனவரி

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், உடுவிலில் படித்தவர், எழுதுகிறார்: "ஹாரியட்டின் தங்கைகள் மூவரும் அதே மிஷனுக்கு வந்தவை. அதையும் எழுதுங்கோ. ஒரு வீட்டுப் பெண்கள் நாலு பேரும் வந்து சேர்ந்த இடம் எங்கடை ஊர்." எழுதிவிட்டேன் அக்கா.

அங்கே ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்த கதை நிறைய. சூசன் இறந்தபின் டேனியல் பூர் 1823ல் மணந்தது நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிஷனரி ஜோசப் நைட்டின் சகோதரியை. நைட் தொடங்கி வைத்த அகராதி வேலைதான் பல கை மாறி, 1862ல் வின்ஸ்லோ அகராதியாக வெளிவந்தது. சம்பந்தி வீட்டுச் சொத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

வின்ஸ்லோ, ஹாரியட் தம்பதியின் மகள் ஒருத்தி டல்லஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள், மாப்பிள்ளையும் சென்னையில் மிஷனரிதான். அந்த வழியில் வந்த கொள்ளுப்பேரன்கள் யார் தெரியுமா? அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், அவர் தம்பி சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ். ஐசன்ஹோவர் காலத்து உலக அரசியலுக்கு உடுவிலில் ஒரு வேர்.

12 ஜனவரி, கொஞ்சம் கழித்து

"அப்போ பனிப்போருக்கும் நாங்கள்தான் காரணமோ" என்று கேட்டிருக்கிறார் அக்கா. இல்லை அக்கா, கொள்ளுப்பாட்டி மட்டும்தான் உங்கள் பள்ளிக்கூடம்.

15 ஜனவரி

கொடைக்கானல். கேள்வி கேட்டவர் இதைத்தான் குத்திக் காட்டியிருந்தார், நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834ல் மதுரைக்குக் கிளை போட்டார்கள். மதுரை வெயிலும் காலராவும் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோயின. முதலில் பக்கத்தில் இருக்கிறதே என்று சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்த உயரத்தில் மலேரியா விடவில்லை. அதற்கு மேலே பழனி மலையில் ஏறிப் போய் 1845ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடு கட்டினார்கள். இன்றைய கொடைக்கானல் ஊரின் தொடக்கம் அந்த இரண்டு வீடுதான். கவர்னரும் கலெக்டரும் தேடிப் போன மலை இல்லை அது முதலில். பிழைத்துக் கிடக்கப் போன மலை.

இதைச் சொன்னால் உடனே "பார்த்தீர்களா, கஷ்டம்தான்" என்று ஒரு கூட்டம் கைதட்டும். பொறுங்கள். மலைக்கு எப்படிப் போனார்கள் என்பதையும் கேளுங்கள். மோட்டார் ரோடு வந்தது முதல் உலகப்போர் காலத்தில்தான். அதற்கு முன்னால் ரயிலில் அம்மையநாயக்கனூர் வரைக்கும், இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு, அங்கிருந்து மலைப்பாதை. தைரியமான ஆண்கள் நடப்பார்கள், குதிரையில் போவார்கள். பெண்களும் குழந்தைகளும் ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ, கம்பில் கட்டிய டோலியிலோ. டோலி தானாக ஏறாது. அதன் கம்பு நம்மவர் தோளில். பெட்டி, படுக்கை, பாத்திரம், ஒரு பருவத்துக்கான மாவு, எல்லாம் நம்மவர் தலையில்.

1901ல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக அங்கே ஹைகிளர்க் பள்ளிக்கூடம் வந்தது, முதல் தலைமையாசிரியர் மார்கரெட் எடி என்ற அம்மையார். அதற்குப் பிறகு கப்பலில் பிள்ளையை அனுப்பும் வழக்கம் மெல்லக் குறைந்தது. அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் நீண்ட விடுமுறைக்குச் சமவெளிக்கு இறங்கும், ஏப்ரல், மேயில் பெற்றவர்கள் மேலே ஏறுவார்கள். வருஷத்தில் சில மாதமாவது ஒரே கூரை. அந்தத் தாய்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று முந்தைய குறிப்பைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

18 ஜனவரி

15ஆம் தேதி எழுதியது என்னை விடவில்லை. அந்த ஏப்ரல், மே மாதங்களில் மிஷன் வீட்டுத் தாய் தன் பிள்ளையோடு சேர்ந்தாள். கூடவே மலைக்குப் போன ஆயாவுக்கும் பிள்ளைகள் இருந்தன. என் அப்பாவும் அவருடன் பிறந்தவர்களும்.

அப்பத்தா சீசனுக்குக் கொடைக்கானல் போனால் அப்பாவும் அத்தைகளும் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் கொள்ளுப்பாட்டியோடு இருப்பார்கள். வெயில் உச்சத்தில் கிணறு வற்றும், அம்மை வரும். அந்த மாதங்களில்தான் அம்மா இருக்கமாட்டார். மலையில் குளிருக்குக் கம்பளி சுற்றி வேறு வீட்டுப் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார். அப்பா இதைப் புகாராகச் சொன்னதில்லை. "அம்மா சீசனுக்குப் போச்சு" என்பார், பருவமழை மாதிரி அதுவும் ஒன்று.

பிரிவு ஒரு பக்கம்தான் என்று நினைத்துத்தான் மிஷனரிகளின் கடிதங்களையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். மிஷனரித் தாய் எழுதப் படிக்கத் தெரிந்தவள், அவள் துக்கம் அச்சில் வந்தது. ஆயா எழுதவில்லை. ஒரு குடும்பம் புது ஊருக்குப் பழக வேண்டுமென்றால் ஊரில் இன்னொரு குடும்பம் அதற்கேற்ப இடம்மாற வேண்டியிருந்தது. கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் கேட்டது சொகுசா சிரமமா என்று. யாருக்கு என்று சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

19 ஜனவரி

நேற்று எழுதியதை அத்தைக்கு அனுப்பினேன். உடனே போன்.

"எங்கம்மா அழுதுக்கிட்டே மலைக்குப் போச்சுன்னு உனக்கு யாருடா சொன்னா? பெட்டியை மார்ச் மாசமே கட்டி வச்சிரும். இங்கன எங்கப்பத்தா கிட்ட வருஷம் பூரா வாங்கிக் கட்டிக்கிட்டுக் கிடந்தது. அங்கன போனா யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டாக. ஏரிக்கரையில மத்த ஆயாக்களோட உக்காந்து ஊர்க்கதை பேசும். காபி, பிஸ்கோத்து. திரும்பி வரையில குண்டாகி வரும்."

எனக்கு வாயடைத்துப் போனது. பிள்ளைகளைப் பிரிந்து இருந்தது கஷ்டம் இல்லையா என்று கேட்டேன். "கஷ்டந்தான். மாமியாரும் கஷ்டந்தான்" என்றார்.

நேற்றைய குறிப்பை அழிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அப்பத்தாவின் துக்கத்தை நானாக எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை என்பது புரிகிறது. சம்பளமும் கையில் வந்தது. அந்தக் காசில்தான் அப்பா மேல்படிப்பு.

23 ஜனவரி

"ஒரே மேஜையில் சாப்பிட்டார்களா?" திண்டுக்கல் நண்பர் கேட்கிறார். எங்கள் வீட்டு விஷயத்தில் இல்லை. தாத்தா அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கிறிஸ்துமஸுக்குத் துணி, சர்க்கரை, பிள்ளைகளுக்குப் பொம்மை வரும். பாசம் இருந்தது, மேஜை இல்லை. இதிலும் ஒரு திருப்பம் உண்டு. யாழ்ப்பாண மிஷன் விடுதிகளின் ஆரம்பக் காலத்தில் சைவ வீட்டுப் பையன்கள் மிஷன் வளவுக்குள் சமைத்ததைத் தொடமாட்டோம் என்றார்கள், அவர்களுக்குச் சமையல் தனியாக வெளியே நடந்தது. ஆக மேஜையைப் பிரித்துப் போட்டது வெள்ளைக்காரர் மட்டும் இல்லை. சாதி முன்னாலேயே போட்டு வைத்திருந்தது, இவர்கள் அதன் மேல் தங்கள் விரிப்பைப் போட்டார்கள்.

இதை முகத்துக்கு நேராகக் கேட்டவர் வே. சா. அசரியா. திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்தவர். 1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு, மேற்கத்தியப் பெரியவர்கள் நிறைந்த சபை. அங்கே எழுந்து, நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடம்பையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். சபையில் பலருக்குப் பிடிக்கவில்லை. சொன்னவர் வெள்ளைக்கார நட்பே அறியாதவர் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். அவருடைய நெருங்கிய தோழர் ஷெர்வுட் எடி, ஹைகிளர்க் பள்ளியின் மார்கரெட் எடியுடைய மகன்.

என்னைக் கேட்டால், அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் மிஷன் வீட்டு வராந்தாவைத் தொட்ட பேச்சு அது ஒன்றுதான்.

24 ஜனவரி

சின்னத் துணுக்கு. 1830களிலேயே பாஸ்டன் வியாபாரி டியூடர் அங்கத்துக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூள் போட்டுக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1842 வாக்கில் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டியாயிற்று, இன்றைய விவேகானந்தர் இல்லம். ஸ்கடரும் வின்ஸ்லோவும் 1836ல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு மாறியவர்கள். பாஸ்டனில் கப்பலேறிய மனிதருக்குச் சென்னை மே மாதத்தில் அதே பாஸ்டன் பக்கத்துத் தண்ணீர் கட்டியாக வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் போன வழியில் பனிக்கட்டி வந்தது.

27 ஜனவரி

"வெள்ளைக்காரர் கதை போதும், நம்மவர் யாராவது இப்படிக் குடும்பத்தோடு போனார்களா?" போனார்கள். அசரியாவே போனார். 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கினார்கள். பணமும் ஆளும் நம் ஊருடையது, அனுப்பிய இடம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல். 1909ல் அசரியா, மனைவி அன்பு மாரியம்மாளோடும் பிள்ளைகளோடும் அங்கே குடியேறினார். 1912ல் தோர்ணக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல்.

அந்த வீட்டுக்கும் பிரச்சினை ஒன்றுதான்: புது மொழி, புது வெயில், புது சாப்பாடு. திருநெல்வேலித் தேங்காய்க் குழம்பில் வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கானா மிளகாய் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். தெலுங்கு கற்றுக்கொண்டு பேசினார், எழுதினார். வேற்று நாட்டுக்காரர் என்ற பெயரும் தமிழருக்கு அங்கே கிடைத்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கடல் தாண்டவில்லை, பிள்ளைகளைக் கப்பலேற்றவில்லை. அந்த ஒரு வித்தியாசம் போதும்.

28 ஜனவரி

கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். "ஜமீன்தார் என்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன், டோலிப் பாதியை வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். நியாயமான பங்கு. நானும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறேன், அத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

31 ஜனவரி

ஏழெட்டுப் பேர் கள் ரொட்டியின் செய்முறை கேட்டுவிட்டீர்கள். அத்தை சொன்னபடி: ஒரு படி மாவுக்குக் காலைக் கள் ஒரு பெரிய டம்ளர், வடிகட்டி. சர்க்கரை ஒரு கை, உப்பு கொஞ்சம், வெண்ணெய் இருந்தால் போடுங்கள். தளர்வாகப் பிசைந்து இரட்டிப்பாக எழும்பும் வரை மூடி வைக்க வேண்டும். மதுரையில் சீக்கிரம் எழும்பும். கொடைக்கானலில் எழும்பாது, தாத்தா சட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்படியில் வைப்பார். அத்தோடு மலையில் கள்ளும் கிடைக்காது, கீழேயிருந்து வந்த கள்ளில் புளித்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து வைத்து மறுநாள் மாவில் கலப்பாராம்.

தமிழ்நாட்டில் கள் விற்பனைக்குத் தடை இருக்கிறது. கேரளக்காரர்களும் யாழ்ப்பாணத்தவர்களும் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மற்றவர்கள் தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டு ஒரு நாள் புளிக்கவைத்துப் பாருங்கள், ஆப்பத்துக்குச் செய்வதுதான். தாத்தா இருந்திருந்தால் அதை ரொட்டி என்று ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.